குறுக்குக் கோடு போடாத பக்கம்

வார்டோ துறைமுகத்தில் நவம்பர் கடைசியில்
சூரியன் பேரேட்டை மூடிவிட்டுப் போய்விடும்.
ஜனவரி நடுவில்தான் மறுபடி திறக்கும்.

எடைக் கொட்டகையில் ராக்னா ஹுஸ்தாட்.
காட் மீன், பெட்டிக்கு ஒரு கோடு.
ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்துப் போடு,
எண்ணச் சுலபம் என்பார் மேஸ்திரி ஹால்வோர்.
போடமாட்டாள்.
படுத்துவிட்ட கோடு
வழுக்கி விழுந்த ஆளைப் போல இருக்கிறது
என்றாள் ஒருமுறை.
அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

அன்றைக்குப் பத்தொன்பது பெட்டி.
பிறகு புயல் எச்சரிக்கை. படகுகளைக் கட்டிவிட்டார்கள்.
தாளில் நின்றது இது:

1111111111111111111

அடுப்பில் காப்பி கரியாகிக்கொண்டிருந்தது.
கோடுகளை இலக்கங்களாகப் படித்தாள், சும்மாதான்.
பத்தொன்பது கோடு
பதினோராயிரத்துச் சொச்சம் கோடி கோடி ஆனது.
மேசைக்கு எதிரே நின்று தலைகீழாகப் பார்க்கும்
படகுக்காரருக்கும் அதே எண்.
ஏமாற்ற வழியே இல்லாத எண்.

வகுத்துப் பார்க்கலாமா?

மூன்றால் வகுத்தாள். மீதி ஒன்று.
ஏழால். ஒன்று.
பதினொன்று, பதின்மூன்று, முப்பத்தேழு:
ஒன்று, ஒன்று, ஒன்று.
பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள்.
ஆறு ஒன்றுகளை அடுக்கினால்
இந்த ஐந்துமே மிச்சமில்லாமல் தின்றுவிடும்.
மூவாறு பதினெட்டு.
பத்தொன்பதாவது ஆள்தான்
ஒவ்வொரு பந்தியிலும் இலை கிடைக்காமல்
வாசலில் நிற்கிறான்.

பதினேழு மட்டும் ஒன்பதைத் துப்பியது.
பத்தொன்பதால் வகுத்தாள், தன் எண்ணிக்கையாலேயே.
அப்போதும் ஒன்று.
இருபத்துமூன்றுக்குப் பதினைந்து.

என் மொழியில் 'ஒன்றும் இல்லை' என்றால்
எதுவும் இல்லை என்று பொருள்.
ராக்னாவுக்குத் தமிழ் தெரியாது.
அவள் தேடியதோ
ஒன்றும் மிஞ்சாத ஒரே ஒரு வகுத்தல்.

கிடைக்காது, ராக்னா.
நூற்றைந்து கோடி வரைக்கும் ஏறிப் பார்க்க வேண்டும்,
வர்க்கமூலம் அங்கேதான் இருக்கிறது.
நிமிடத்துக்கு ஒன்றாக, தூங்காமல், இரண்டாயிரம் ஆண்டு.
பகா எண்களை மட்டும் பொறுக்கியெடுத்தாலும் நூறு ஆண்டு.
ஏறி முடித்தாலும் எதுவும் உள்ளே போகாது.
இது பகா எண்.

பதினேழு பெட்டியோடு நிறுத்தியிருந்தால் உடைந்திருக்கும்:
2071723 ஒரு பக்கம்,
5363222357 மறுபக்கம்.
வெளியிலிருந்து பார்த்தால் அதுவும்
இதே போலத்தான் நெட்டுக்குத்தாக நிற்கும்.
விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

இந்த வரிசையில் உடையாதவை அபூர்வம்.
இரண்டு ஒன்று, பத்தொன்பது ஒன்று, இருபத்துமூன்று ஒன்று.
அப்புறம் முன்னூற்றுப் பதினேழு வரை
விளக்கே தெரியாத கடல்.

இருநூற்றுப் பதினொன்றில் அவள் இருந்தபோது
கதவு தட்டினார்கள். மணி நாலு.
அஸ்லாக், தாடியெல்லாம் உப்பு,
எச்சரிக்கையைக் கேட்காமலே போனவர்,
கையில் ஒரு பெட்டி.

எடை போட்டாள்.
பென்சில் அந்தப் பக்கத்தின் மேல் அந்தரத்தில் நின்றது.
இருபதாவது கோடு விழுந்தால்
இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்வார்கள்,
பதினொன்று உடனே வாய் திறக்கும்.
இரவு முழுக்க யாருக்கும் மசியாத எண்
ஒரு பெட்டி மீனில் மசிந்துவிடும்.

புதுப் பக்கம் திருப்பினாள்.
உச்சியில் ஒரே ஒரு கோடு.

"எனக்கு ஒரு முழுப் பக்கமா?" என்றார் அஸ்லாக்.
காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். கசந்தது. குடித்தார்.

அந்தத் தனி ஒன்றைப்
பகு எண்ணிலும் சேர்ப்பதில்லை,
பகா எண்ணிலும் சேர்ப்பதில்லை.
அவள் அதைச் சொல்லவில்லை.

காலையில், காலை என்று கடிகாரம் மட்டும் சொன்னபோது,
ஹால்வோர் இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார்.
காகிதம் என்ன விலை விற்கிறது தெரியுமா
என்றார்.